கூண்டைத் திறந்தது யார்

உத்திரமேரூர்
19.1.2025, ஞாயிறு

ஹேமாவுக்கு பார்த்திபன் எழுதறது.

இங்க அம்மாவும் நானும் நல்லாக்கீறோம். இது ஆறாவது பேப்பர். அஞ்சைக் கிழிச்சிப் போட்டுட்டேன். பள்ளிக்கூடம் வுட்டப்புறம் நான் இவ்ளோ எழுதனதே இல்ல, கையெழுத்து கோணலாத்தான் இருக்கும்.

நீ என் நம்பரை பிளாக் பண்ணிட்டே. அம்மா போன்ல இருந்து வாட்ஸ்அப்புல நாலு வாட்டி எழுதினேன். நாலு வாட்டியும் நானே அழிச்சிட்டேன். "அண்ணனுக்கு ஏதாவது சொல்லணும்னா அழிக்க முடியாத மாதிரி பேப்பர்ல எழுதச் சொல்லு"ன்னு நீ அம்மாவுக்கு அனுப்பின மெசேஜை, அம்மா என்னாண்டயே குடுத்துப் படிக்கச் சொல்லிச்சி. அதுக்குத்தான் படிக்கத் தெரியாதே. "இன்னாடா எழுதிகீது?"ன்னு கேட்டுச்சி. "வேலை நல்லாகீதாம்"னு சொன்னேன். உன் கம்பெனி காயிதத்துல ஆஸ்டல் விலாசம் இருந்துது, அதப் பாத்துதான் எழுதறேன்.

பொங்கலுக்கு நீ வரல. அம்மா பொங்கப் பானை வெச்சப்ப கூட ரோட்டையே பாத்துக்கினு இருந்துது. நீ வராததுக்குக் காரணம் நான்தான்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

வீடியோ விஷயத்தச் சொல்லிடறேன். தொரைய நான்தான் கொண்டாந்தேன். திருமுக்கூடலாண்ட நெல் அறுக்கற மிஷின் ஓட்டப் போனப்ப, காத்துல சாஞ்ச மொட்டைத் தென்னைப் பொந்துல இருந்து வுழுந்த கிளிக்குஞ்சு. கிளிக்கு நாலு வார்த்த கத்துக் குடுத்து சேனல்ல போட்டா நல்லா ஓடும்னு ஆசை. எட்டு மாசம் 'வணக்கம் நண்பர்களே' சொல்லிக் குடுத்தேன். கூண்டு மேல துண்டைப் போட்டு மூடி, விடியக்காலைல ஒரே வார்த்தைய நூறு வாட்டி சொல்லுவேன். சொன்னாத்தான் தீனின்னு பட்டினி கூட போட்டேன். கொய்யாப்பழத்த மூக்குக்கு எட்டாத தூரத்துல புடிச்சிக்கினு நிப்பேன். கத்துமே தவிர ஒரு வார்த்த வரல.

நீ இன்டர்வியூக்குப் பேசிப் பழகறேன்னு அது எதிர்ல முக்காலியப் போட்டு உக்காந்தே. ரெண்டே மாசம். ஒருநாள் மத்தியானம் நான் சாப்ட்டுக்கினு இருக்கறேன், "என் பேர் ஹேமாவதி"ன்னு கூண்டுல இருந்து கேக்குது. உன் பேர்ல நீ எங்க நிப்பியோ அங்கயே அதுவும் நின்னுது. மூணு வாட்டி முட்டிட்டுத்தான் போச்சி. நான் சிரிச்சேன் ஹேமா. எனக்கு உள்ள வயித்தெரிச்சலும் இருந்துது. நான் பட்டினி போட்டும் வராதது உனக்கு சும்மா வந்துடுச்சேன்னு.

மொபைல் கடை வெச்சிகீற சேட்டு "இத போடு மச்சான், எங்கியோ போவும்"னு சொன்னான். அவன் மேல பழி போடல. போனைப் புடிச்சது நான். 'திக்குவாய்க் கிளி'ன்னு பேர் வெச்சதும் நான். மூணு லட்சம் பேர் பாத்தாங்க. நீ பிளாக் பண்ணிட்டுப் போன அன்னிக்கே புரிஞ்சிக்கினு சேனல்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா டவுன்லோட் பண்ணி வெச்சிக்கினவங்க இன்னும் போட்டுக்கினுதான் கீறாங்க. அத என்னால ஒண்ணும் பண்ண முடியல.

இன்னொண்ணு. நீ கெளம்பின காலைல கூண்டு தொறந்து கெடந்துது. நீதான் தொறந்தேன்னு தெரியும். எனக்குக் கோவம் இல்ல. தொரை பறந்து போய் ஏரிக்கரைப் பனைமரத்துல மத்த கிளிங்களோட சேந்துக்கிச்சி. காலைல மிஷின் எடுத்துக்கினு போவ சொல்ல பாக்கறேன். நல்லாகீது. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத.

பதில் போடுன்னு கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. போட்டா படிப்பேன்.

பார்த்திபன்


ஓசூர்
26.1.2025

அண்ணா,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. வார்டன் அக்கா சாப்பாட்டுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் கடிதத்தை உயர்த்திக் காட்டி, "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடறது?" என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

வேலை பரவாயில்லை. சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகள் வரிசையாக வரும். பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் பார்த்து, குறை இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். எட்டு மணி நேரம் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் இன்டர்வியூ நடந்த இடத்தில், பெயர் பதிவு செய்யும் மேஜையில் என் பெயரைச் சொன்னேன். நீ எழுதியிருக்கிறாயே, மூன்று முறை முட்டி, அப்படித்தான் சொன்னேன். பின்னால் நின்ற பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "ஏய், அந்தக் கிளி இப்பிடித்தாண்டி சொல்லும்" என்றாள். அவள் கெட்ட பெண் இல்லை. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே போனை என் பக்கமும் நீட்டினாள். நம் வீட்டுக் கூண்டு. நம் வீட்டுச் சுவர். தொரை என் குரலில் பேசியது. அதுவரை என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதில்லை, அண்ணா.

உள்ளே கூப்பிட்டுப் பெயர் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. சான்றிதழை நகர்த்தி வைத்தேன். இரண்டு மாதம் பழகிய ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஊமை என்று நினைத்திருப்பார்கள். இந்த வேலைக்கு அது தோதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பத்து நாள் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நீ சாதாரணமாகத்தான் இருந்தாய். "இன்டர்வியூ எப்பிடிப் போச்சி?" என்று கேட்டாய். எனக்குத் தெரியும் என்பதே உனக்குத் தெரியாமல் நீ சாப்பிட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது என் பங்கு.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பெருக்கினேன். குப்பையில் பச்சை இறகுகள் கிடந்தன. நீளமானவை. நுனி நேராக, கத்தரிக்கோலால் வெட்டியது. தானாக உதிர்ந்த இறகு அப்படி இருக்காது. தொரையின் இறக்கையை நீ வெட்டியிருக்கிறாய் என்று அப்போதே புரிந்தது. அது பறக்காது என்றும் புரிந்தது. புரிந்துதான் மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தேன். அதை எடுத்துக் கீழேயும் விட்டேன். அது என் சுடிதார் நுனியைக் கவ்விக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தது. உதறிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

விடுதலை கொடுத்தேன் என்று உன்னை நம்பவைக்கலாம். அப்படி இல்லை. என் பெயரை அது இனி யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். செத்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அதற்கு நான்தான் சோறு ஊட்டினேன். என்னிடம் மட்டும்தான் பேசியது. என்னுடன் ஒரே அறையில் இருக்கும் இளவரசி என்ற பெண், நான் தூக்கத்தில் கிளியைக் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

பறந்துவிட்டது, பனைமரத்தில் இருக்கிறது என்று நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டியிருப்பாய் போலிருக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகு நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் பதில் போட்டுவிட்டேன்.

ஹேமாவதி


உத்திரமேரூர்
6.2.2025

ஹேமா,

உன் லெட்டர் வந்து ஒரு வாரம் ஆவுது. அறுப்பு சீசன், மிஷின் ஓயாம ஓடுது, அதனாலதான் எழுதலன்னு சொல்லலாம். அது இல்ல. நீ கடசில எழுதனியே, வயிறு நெறைய சாப்ட்டேன்னு, அதப் படிச்சதுல இருந்து எனக்கு சோறு எறங்கல.

தொரை பறக்கல.

பனைமரத்துல இருந்து தெனம் கிளிங்க போவும் வரும். அதுல எது தொரைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பொய் எழுதினேன். உனக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு எழுதினேன்னு சொல்லிக்கலாம். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னும்தான் எழுதினேன்.

அன்னிக்கு நான் ஏழு மணிக்கு எழுந்து வந்தேன். வைக்கோல் போராண்ட காக்கா கூட்டம் கத்திக்கினு இருந்துது. அஞ்சாறு காக்கா. நடுவுல இது. தரையோட தரையா மல்லாந்து கெடந்து காலால ஒதைச்சிக்கினு இருந்துது. எடது கண்ணு போயிடுச்சி. வலது ரெக்கை ஒடிஞ்சி தொங்கிச்சி. துண்டைப் போட்டு மூடித் தூக்கினேன். அப்பவும் என் வெரலைக் கடிக்கல. அது கடிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

ரெண்டு பக்கமும் வெட்டினேன் ஹேமா, ஒரு பக்கம் இல்ல. வரப்பு மேல நான் நடக்க பின்னால கிளி நடந்து வர்ற மாதிரி வீடியோ எடுக்கணும்னு. பறந்து பூடக் கூடாதுன்னு. நீ கூண்டைத் தொறந்ததால அதுக்கு இப்பிடி ஆச்சின்னு நீ நெனைப்பே. நான் வெட்டாம இருந்திருந்தா நீ தொறந்தப்ப அது ஜம்முனு போயிருக்கும்.

மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போவல. பச்சைக்கிளி வளக்கறது தப்பு, கேஸ் போடுவாங்கன்னு சேட்டு சொன்னான். வீடியோவ வேற ஊரே பாத்துகீது. பயந்துட்டேன். மஞ்சள் கொழச்சிப் போட்டு, ரெக்கையத் துணியால கட்டி, பம்புசெட் ரூம்புல வெச்சேன். அம்மாவுக்கும் தெரியாது. இன்னும் அங்கதான் கீது. அஞ்சு மாசமா. காலைல சோறும் ஊறவெச்ச கடலையும் வெச்சிட்டு கதவை சாத்திடறேன்.

உயிரோட கீது. ஆனா பேச்சு இல்ல. ஒரு சத்தம் கூட இல்ல. மார்ல இருக்கற எறகை அதுவே பிடுங்கிப் போட்டுக்குது. எதிர்ல உக்காந்து 'வணக்கம்' சொல்லிப் பாத்தேன். அந்த ஒத்தக் கண்ணால பாத்துட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சி.

இனிமே பொய் எழுத மாட்டேன். இன்னா பண்றதுன்னு தெரியல.

பார்த்திபன்


ஓசூர்
11.2.2025

அண்ணா,

பதினெட்டு நாள் நிம்மதியாக இருந்தேன். உன் பொய்யால் கிடைத்த பதினெட்டு நாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று இருக்கிறது.

பம்புசெட் அறைக்கு ஜன்னல் கிடையாது. மோட்டார் ஓடினால் நமக்கே காது அடைக்கும். அதில் அஞ்சு மாதம். நீ அதற்குச் சோறு வைத்தாய் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் காகிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு நானே பிரித்து நீவினேன். ஏனென்றால், அதை அங்கே கொண்டுபோய் வைக்கும் நிலைமைக்கு ஆளாக்கியது நான். காக்கைகள் காலையில் வைக்கோல் போருக்கு வரும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த வீட்டில் இருபத்தாறு வருடம் இருந்தவள்.

நீ கேட்டிருக்கிறாய், என்ன செய்வது என்று. பாரஸ்ட் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போ. நானும் விசாரித்தேன். பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே தவறு. ஆனால் அவர்களிடம் மருத்துவர் இருக்கிறார், அடிபட்ட பறவைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் இருக்கிறது. கேஸ் போட்டால் போடட்டும். நீ பயந்த நாளெல்லாம் அதுதான் வலியை அனுபவித்தது.

அம்மாவிடமும் சொல். நான் சொல்ல மாட்டேன், போனில் என்னால் முடியாது.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரி. பெட்டியை மடியில் வைத்துக்கொள், பஸ்ஸில் கீழே வைக்காதே. வழியில் அதோடு பேசாதே. பேசினால் பயப்படும்.

ஹேமாவதி


உத்திரமேரூர்
19.2.2025

ஹேமா,

திங்கக்கெழம போயிட்டு வந்துட்டேன். நடந்தது நடந்தபடி எழுதறேன்.

மொதல்ல அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நாஷ்டா துன்னுட்டு கை கழுவிக்கினு இருந்துது. பம்புசெட் ரூம்புக்குக் கூட்டிக்கினு போயி காட்டினேன். ரொம்ப நேரம் குனிஞ்சி பாத்துது. என்னைத் திட்டல. "வாயுள்ள ஜீவன அண்ணனும் தங்கச்சியும் சேந்து வாயில்லாம பண்ணிட்டீங்களேடா"ன்னு மட்டும் சொல்லிச்சி. அப்புறம் அதுவே அதோட பழைய புடவைய நாலா மடிச்சிப் பொட்டில விரிச்சிது.

காஞ்சிபுரம் பஸ்ஸுல மடிலயே வெச்சிக்கினேன். பேசல. ஆபீசுல ராஜாராம்னு ஒரு வனவர், வயசானவரு. பொட்டியத் தொறந்து பாத்துட்டு கண்ணாடியக் கழட்டி மேஜை மேல வெச்சிட்டாரு.

"எத்தினி வருஷமா வெச்சிருக்கே?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல சார்."

"அடிபட்டு?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா இன்னாய்யா பண்ணிக்கினு இருந்தே?"

"பயந்துக்கினு இருந்தேன் சார்."

அவரு பேப்பர எடுத்தாரு.

"ரெக்கைய யாரு வெட்டினது?"

"நான்தான்."

"கூண்டை யாரு தொறந்து வுட்டது?"

"நான்தான் சார்."

"ரெக்கைய வெட்டிட்டு நீயே ஏன் தொறந்து வுட்டே?"

"புத்தி கெட்டுப் போச்சி சார்"னேன். அப்பிடியே எழுதிக்கினு கையெழுத்து வாங்கினாரு.

டாக்டரு வந்து பாத்தாரு. கண்ணு போனது போனதுதானாம். ரெக்கை எலும்பு கோணலாக் கூடிப்போச்சாம், ஒடிஞ்ச அன்னிக்கே கொண்டாந்திருந்தா சரி பண்ணியிருக்கலாமாம். இனிமே பறக்காது. இந்த மாதிரி இருக்கற கிளிங்கள பெரிய கம்பிவலைக் கொட்டகைல ஒண்ணா வுட்டிருக்காங்களாம், அங்க அனுப்பறாங்க. அத கொண்டுபோனப்ப நான் பக்கத்துல போவல. பொட்டிய மட்டும் காலியா குடுத்தாங்க. அம்மா புடவை அதோடயே போயிடுச்சி.

என் மேல கேஸ் கீது. கோர்ட்டுல கூப்புடுவாங்க, போவேன். சேனலையும் மூடிட்டேன். சேட்டு "பைத்தியமா நீ?"ன்னான். இருக்கட்டும்.

உன் பேர் எங்கயும் வரல. கூண்டு விஷயம் என்னோட முடிஞ்சிடுச்சி. நீ இனிமே அத நெனச்சி அழாத. உனக்கு நான் பண்ணதுக்கு இந்த ஒண்ணாவது பண்ண முடிஞ்சிதே.

பார்த்திபன்


ஓசூர்
2.3.2025

அண்ணா,

நீ போனது சரி. மடியில் வைத்துக்கொண்டு போனது சரி. அம்மாவிடம் சொன்னதும் சரி. அதற்காக உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்தது. பிறகு கடைசிப் பத்தியைப் படித்தேன்.

கூண்டைத் திறந்தது நீ இல்லை. நான்.

உனக்கு நினைவிருக்கிறதா, நான் ஏழாவது படிக்கும்போது உத்திரமேரூரில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். எனக்குக் காது வலி. அவர் "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். எனக்கு 'கா' வரவில்லை. முட்டிக்கொண்டு நின்றேன். நீ அவசரத்தில், "தொண்டை வலி சார்" என்றாய். அவர் தொண்டைக்கு மாத்திரை எழுதினார். மூன்று நாள் அந்த மாத்திரையை விழுங்கினேன். காது சீழ் வைத்தபிறகுதான் அம்மா கண்டுபிடித்தாள். அன்றைக்கு நீ என்மேல் பாசத்தால்தான் பேசினாய். எனக்குத் தெரியும். கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் எல்லா இடத்திலும் எனக்காக நீ பேசினாய். நான் ஆரம்பித்த எதையும் நான் முடித்ததே இல்லை.

தொரை ஒன்றுதான் நான் முடிக்கிறவரை காத்திருந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதற்கு அவசரமே கிடையாது. அதைத்தான் நான் அப்படிச் செய்தேன்.

நான் செய்த காரியத்தையும் இப்போது நீயே சொல்லி முடித்துவிட்டாய். "புத்தி கெட்டுப் போச்சி சார்" என்று. எனக்கு அன்றைக்குப் புத்தி கெடவில்லை. நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். அதை யாரிடமாவது என் வாயால் சொல்லாவிட்டால் இது என்னைவிட்டுப் போகாது. கடிதத்தில் எழுதுவது எனக்குச் சுலபம். சுலபமாகச் சொன்னால் போதாது.

வருகிற ஞாயிறு கிளம்புகிறேன். கிருஷ்ணகிரியில் இளவரசி வீட்டில் தங்கிவிட்டு, 10ஆம் தேதி திங்கட்கிழமை பதினோரு மணிக்கு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். நீ வா. ஆபீஸ் எங்கே என்று காட்டு. உள்ளேயும் வா. ஆனால் நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நீ வாயைத் திறக்கக்கூடாது. அவர் உன் முகத்தைப் பார்த்தால் தரையைப் பார்.

ஹேமாவதி


உத்திரமேரூர்
11.3.2025

ஹேமா,

நேத்து உன்கூட நடந்தேன், உன்கூட டீ குடிச்சேன், ஒண்ணும் பேசல. எனக்குப் பேசத் தெரியும்னு ஊர்ல சொல்லுவாங்க. நேத்து ஒரு வார்த்த வரல. அதான் எழுதறேன்.

நீ மெலிஞ்சி போயிட்டே. அத மொதல்ல சொல்லிடறேன்.

உள்ள நீ எப்பிடிப் பேசினியோ அப்பிடி நான் எழுத மாட்டேன். அந்தப் பாவத்த ஒரு வாட்டி பண்ணது போதும். நீ சொன்னத மட்டும் எழுதறேன். "என் பேர் ஹேமாவதி. இவரோட தங்கச்சி. கூண்டைத் தொறந்தது நான். ரெக்கை வெட்டிகீதுன்னு தெரிஞ்சிதான் தொறந்தேன். அண்ணன் பொய் சொல்லிட்டாரு." இதுதான். சுவத்துக் கடிகாரம் எனக்கு நேரா இருந்துது. ஒம்போது நிமிஷம் ஆச்சி.

நடுவுல ராஜாராம் சாரு "கூண்டையா?"ன்னு எடுத்துக் குடுத்தாரு. நீ கையத் தூக்கினே, டிராபிக் போலீசு மாதிரி. அவரு பேனாவக் கீழ வெச்சிட்டு நாற்காலில சாஞ்சிக்கினாரு. வெளிய இருந்து ஒருத்தன் பைலோட உள்ள வந்தான், அவன "அப்பறம் வா"ன்னு அனுப்பிட்டாரு. நான் தரையப் பாத்துக்கினு இருந்தேன். ஒவ்வொரு வார்த்தைலயும் நீ மாட்டிக்கினப்ப என் நாக்கு தானா எழுந்துது. பல்லுக்குள்ள வெச்சி அழுத்திக்கினேன். வூட்டுக்கு வந்து பாத்தா ரத்தம் கட்டிகீது. இத்தினி வருஷமா உனக்காகப் பேசறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனக்காக இல்ல ஹேமா. நீ நின்னுக்கினு இருக்கறத என்னால பாத்துக்கினு இருக்க முடியல, அதான் பேசிகீறேன். நேத்துதான் எனக்கே தெரிஞ்சிது.

நீ முடிச்சப்புறம் அவரு சொன்னாரு: "இத நான் எழுதணும்னு அவசியம் இல்லம்மா. வளத்தது, வெட்டினது, மறைச்சி வெச்சது எல்லாம் உங்க அண்ணன். கேஸ் அவரு மேலதான் இருக்கும். நீ எதுக்கு?"

நீ ஒரே வார்த்ததான் சொன்னே. எழுதுங்க.

அவரு என்னை ஒரு பார்வ பாத்துட்டு எழுதினாரு. படிச்சிக் காட்டினாரு. நீ கையெழுத்துப் போட்டே. அப்புறம் பைல்ல இருந்த போட்டோவ நீ கேட்டு வாங்கினே. தொரையோட கண்ணு போன பக்கம் எடுத்தது. அத நீ பாத்தப்ப நான் உன்னைப் பாக்கல. திருப்பிக் குடுக்க சொல்ல அந்தப் போட்டோ உன் வெரலோட ஒட்டிக்கினு வந்துது, அவ்ளோ வேர்வை.

இன்னிக்கு அவருக்கு போன் பண்ணிக் கேட்டேன். கொட்டகைல வுட்டுட்டாங்களாம். மத்த கிளிங்க பக்கத்துல இன்னும் போவலியாம். ஓரமா உக்காந்துகீதாம். கொய்யா வெச்சா துன்னுதாம். பேசுதான்னு அவராவே ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. பேச வேணாம். நாம போய்ப் பாக்க முடியுமான்னு கேட்டேன். இப்ப வேணாம், ஆளுங்கள மறக்கட்டும்னாரு. சரின்னுட்டேன்.

அடுத்த மாசம் கோர்ட்டு. நான் போயிக்கறேன், அதுக்கு நீ வர வேணாம். அம்மா நீ வூட்டுக்கு வராம அப்பிடியே திரும்பிட்டேன்னு கேட்டு அரிசி பொடைச்சிக்கினு இருந்துது. எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா. நான் வூட்ல இருக்கக் கூடாதுன்னா சொல்லு, மிஷினோட வாலாஜாபாத் பக்கம் வேலைக்குப் போயிடறேன். ரெண்டு நாள் தங்கிட்டுப் போ.

ஒண்ணு கேக்கணும். பெங்களூரு பஸ்ஸு கெளம்ப சொல்ல, ஜன்னல் கண்ணாடியத் தள்ளிட்டு நீ ஏதோ சொன்னே. கண்டக்டரு விசில், ஆரன் சத்தம், ஒண்ணும் கேக்கல. உன் வாய் அசஞ்சது மட்டும் தெரிஞ்சிது. ரொம்ப நேரம் அசஞ்சிது, பஸ்ஸு திரும்பற வரைக்கும். வூட்டுக்கு வர்ற வழியெல்லாம் அது இன்னாவா இருக்கும்னு மனசு ஓடிக்கினே இருந்துது. திட்டினியோ, போயிட்டு வரேன்னியோ. நிறுத்திட்டேன். நானா எதையும் இட்டுக் கட்டிக்கல.

நீ இன்னா சொன்னே? எழுது.

பார்த்திபன்